கொடிக்கயிற்றில் ஏழு கதவுகள்

கப்பலில் தீப்பிடித்தால் முதலில் வருவது புகை. புகையில் விளக்கு தெரியாது, வழி எழுதிய பலகை தெரியாது, பக்கத்தில் நிற்கிற ஆளும் தெரியாது. அதனால் பயணிகள் ஏறிய உடனே ஒரு காரியம் செய்துவிட வேண்டும். தங்கள் அறை வாசலிலிருந்து மாடிப்படி வரை எத்தனை கதவுகள் என்று எண்ணி மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கண் தெரியாவிட்டாலும், சுவரைத் தடவி, கதவுகளை எண்ணிக்கொண்டே போனால் படி வந்துவிடும். இதை ஒரு வீடியோவில் சொன்னார்கள். எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

எண்ணுவது எனக்குத் தொழில். பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். கீரனூர் ரோட்டில் பஸ்ஸை மறித்து ஏறினால் முதலில் டிக்கெட் கேட்க மாட்டேன். கடைசி சீட்டிலிருந்து டிரைவர் வரை தலைகளை எண்ணுவேன். அதன் பிறகுதான் கண்டக்டர் முகத்தைப் பார்ப்பது. இப்போதும் மாதா கோயிலில் பூசைக்கு உட்கார்ந்தால் பெஞ்சு வாரியாக எண்ணி முடித்த பிறகுதான் எனக்கு ஜெபம் வரும்.

போன வருஷம் நாங்கள் அந்தமானுக்குப் போக வேண்டியதாயிற்று. எங்கள் ஒரே மகள் அங்கே இருக்கிறாள். அவளுக்கு இரண்டாவது பிரசவம். என் மனைவிக்கு ஒரு கண் சர்க்கரையில் எப்போதோ போய்விட்டது. மற்ற கண்ணில் அப்போதுதான் ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு வாயுக் குமிழி வைத்திருந்தார்கள். அது கரைகிற வரை விமானத்தில் ஏறவே கூடாது என்றார் டாக்டர். பார்வை, கிணற்றுக்குள் மூழ்கிக் கண் திறந்து பார்ப்பது மாதிரி இருக்கிறது என்பாள். பிரசவமோ காத்திருக்காது. ஆகவே சென்னையிலிருந்து கப்பல்.

மருமகன் டிக்கெட் எடுத்து, கப்பலின் அந்தத் தளத்தின் வரைபடத்தையும் போனில் அனுப்பினார். எங்களுடையது உள்பக்கத்து அறை. ஜன்னல் கிடையாது. வெளியே ஒரு நீளமான நடை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். இடது பக்கம் திரும்பி ஏழு கதவு தாண்டினால் படி. வலது பக்கம் போனால் நடை ஒரு சுவரில் போய் முட்டி நின்றது. அந்தச் சுவரை நான் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். புகைக்குள் இவள் தனியாக வலது பக்கம் திரும்பிவிட்டால் அவ்வளவுதான்.

கீரனூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அந்த நடையை உண்டாக்கினேன். அறையைக் கோலமாவால் தரையில் வரைந்தேன். நடைக்குத் துணி காயப்போடும் கொடிக்கயிறு. அதில் இடைவெளி விட்டு ஏழு துண்டுகள் தொங்கவிட்டேன். ஒரு துண்டு ஒரு கதவு. அவள் கையால் தொட்டு எண்ணிக்கொண்டே வர வேண்டும். நான் முன்னால் போவேன். வலது கையின் இரண்டு விரல்களைப் பின்னால் நீட்டுவேன். அவள் அதைப் பிடித்துக்கொள்வாள்.

"கதவைத் தொறக்கறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?"

"பொறங்கையால தொட்டுப் பார்க்கணும். சுட்டா தொறக்கக் கூடாது."

"வெளிய வந்தா?"

"குனிஞ்சு போகணும். எங்கிட்டுன்னா இடது பக்கம். எதையாவது மறந்துட்டோம்னு திரும்பி வரக் கூடாது. போதுமா? கப்பல்ல ஏத்துறதுக்கு முன்னாடியே என்னைக் கரையேத்திருவீங்க போல."

அடுத்த மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்த அம்மாள் இதை எல்லாம் பார்த்துவிட்டு, "என்னங்க அக்கா, இந்த வயசுல சார் ஒங்களுக்கு டான்ஸ் கத்துக்குடுக்கிறாரா?" என்றாள்.

"டான்ஸ்னாலும் பரவாயில்லையேடி. கல்யாணத்தன்னைக்குக்கூட இந்த மனுசன் இம்புட்டு நேரம் கையைப் பிடிக்கலை" என்றாள் இவள்.

ஆனால் ஒரு நாள் நான்காவது துண்டில் நின்றுவிட்டாள். புறங்கையை அதன் மேல் வைத்தபடி, "இது சுடுது" என்றாள். நல்ல வெயில், துணி சுடத்தான் செய்யும் என்றேன். "மத்ததும் வெயில்லதான கெடக்கு?" என்றாள். நானும் தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஏழும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

கப்பலில் எல்லாம் வரைபடத்தில் இருந்தபடியே இருந்தது. நடையின் சுவர் நெடுகக் கைப்பிடிக் கம்பி. கதவுகள் ஏழு, நான் போய்வந்து இரண்டு முறை சரிபார்த்தேன். அறைக்குள் இரண்டு கட்டில்கள். கால்மாட்டுப் பக்கம் நடைக்குப் போகிற கதவு. தலைமாட்டுப் பக்கம் குளியலறைக் கதவு. இரண்டும் இரும்பு, இரண்டுக்கும் காலைத் தூக்கி வைக்கிற மாதிரி நிலைப்படி, இரண்டும் விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். படுத்திருப்பவன் எழுந்து கால் நீட்டிய திசையில் நேராக நடந்தால் வாசல். இதைவிடச் சுலபமாக ஒரு அறையை அமைக்க முடியாது.

முதல் தூக்கத்துக்குத் தலையணையைத் தட்டிப் போடும்போது அவள் கேட்டாள். "வடக்கு எங்கிட்டுங்க?"

எங்கள் குடும்பங்கள் ஆவூர்ப் பக்கம். ஞானஸ்நானம் வாங்கி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் வடக்கே தலைவைத்துப் படுக்கிற ஒரு கிறிஸ்தவனை அங்கே காட்டுங்கள் பார்ப்போம். கட்டிலுக்கு மேலே சிலுவை இருக்கும், கட்டில் தெற்கே தலைவைத்துத்தான் இருக்கும். நான் வெளியே போய், நடையைத் துடைத்துக்கொண்டிருந்த அறைப் பணியாளரிடம் கேட்டேன். கப்பல் கிழக்கே போகிறது என்றார். அப்படியானால் எங்கள் தலைமாடு நேர் வடக்கு.

"நடுக்கடல்ல எமனுக்குத் தெசை தெரியுமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"ஒங்களுக்கே தெரியுது, அவனுக்குத் தெரியாதா?" என்றாள்.

இரண்டு தலையணைகளையும் எதிர்ப்பக்கம் மாற்றிப் போட்டோம். அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை, இப்போது வாசல் எங்கள் தலைமாட்டுக்கும் குளியலறை கால்மாட்டுக்கும் வந்துவிட்டது என்று.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தோம். ஜன்னல் இல்லாத அறையில் விளக்கை அணைத்தால் பகல் என்று ஒன்று கிடையாது. மணி விட்டுவிட்டு அடிப்பது கேட்டு விழித்தேன். சுவிட்சைத் தட்டினேன், விளக்கு எரியவில்லை. மூக்கில் துணி கருகுகிற நாற்றம். வாசலைப் பற்றி எனக்கு யோசனையே ஓடவில்லை. கால் நீட்டிய திசையில் நேராக நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

"எந்திரி. பழகினபடி வா" என்றேன்.

"இந்தா வாரேன்." அவள் கட்டில் முனகியது.

இரண்டு விரலைப் பின்னால் நீட்டினேன். "பிடிச்சுக்க."

"பிடிச்சுட்டேன்" என்றாள்.

என் விரல்களை யாரும் பிடித்திருக்கவில்லை. விரலுக்குக் காற்றுதான் பட்டது. என் சட்டை நுனியைப் பிடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைப்பதற்கு நேரமும் இல்லை. புறங்கையால் கதவைத் தொட்டேன், சுடவில்லை. நிலைப்படியைத் தாண்டினேன். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. இடது பக்கம் திரும்பினேன். கம்பி கைக்குக் கிடைத்தது. குனிந்தபடி நகர்ந்தேன். முகத்தில் ஈரத்துணி ஒன்று தடவியது.

"ஒண்ணு" என்றேன்.

புகைக்கு ஈரத்துணி நல்லது, யாரோ வாசலில் கட்டிவிட்டிருக்கிறார்கள் என்று என் புத்தி எனக்கு ஒரு காரணம் சொன்னது. மாடியில் அத்தனை நாள் துணியைத்தானே கதவு என்று எண்ணியிருந்தேன்! இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன். மறுபடி ஈரத்துணி. "ரெண்டு." அந்த நடையில் ஓடுகிற காலடி இல்லை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மணியும் சுவருக்கு அந்தப் பக்கம் அடிப்பதுபோலத் தேய்ந்து கேட்டது. "மூணு." எல்லாரும் எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டார்களா? "நாலு." நான்காவது துணி முகத்தை விட்டுப் போகச் சற்று நேரம் எடுத்தது. "இருக்கியா?" என்று கேட்டேன். பதில் இல்லை. "அஞ்சு." எங்கோ என் குரலே கொஞ்சம் பிந்தி, "அஞ்சு" என்று எண்ணுவது கேட்டது. இரும்புச் சுவர் எதிரொலிக்கத்தான் செய்யும். "ஆறு." "ஏழு."

ஏழில் ஒரு கைப்பிடி இருந்தது. படிக்குப் போகிற தீத்தடுப்புக் கதவு என்று இழுத்தேன்.

உள்ளே எங்கள் அறை இருந்தது.

அவசர விளக்கு அப்போதுதான் தரையோரம் எரியத் தொடங்கியிருந்தது. இரண்டு கட்டில்கள், இரண்டு தலையணைகள். என் பைகள், அவள் சொட்டு மருந்து. அவள் இல்லை. நடைக்குப் போகிற கதவு எதிர்ப்பக்கம் சாத்திக் கிடந்தது. நான் வெளியே போகவே இல்லை. குளியலறைக்குள், குளிக்கிற இடத்து ஈரத் திரையைத் திரும்பத் திரும்ப முகத்தில் வாங்கிக்கொண்டு, ஒரே கம்பியைப் பிடித்துச் சுற்றியிருக்கிறேன்.

பிறகு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். நடையில் புகை லேசாக, இடுப்புக்கு மேலே நின்றது. வலது பக்கம் அந்த மொட்டைச் சுவர் வரை போய்த் தடவிப் பார்த்தேன். அங்கே அவள் விழுந்து கிடப்பாள் என்றே நினைத்தேன். சுவர்தான் இருந்தது. திரும்பி ஏழு கதவு தாண்டிப் படி ஏறி, எங்கள் தளத்துக்காரர்கள் கூட வேண்டிய இடத்துக்குப் போனேன். வெயில் கண்ணைக் குத்தியது. வரிசையில் இரண்டாவதாக, மிதவைச் சட்டையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போனீங்க? இப்பத்தான கையை விட்டீங்க?" என்றாள்.

கப்பல் அதிகாரி ஒருவர் என்னிடம் வந்தார். தமிழ்க்காரர்தான்.

"நீங்க எந்த எடத்து ஆள் சார்?"

"இந்த எடந்தான். இவங்க வீட்டுக்காரர்."

"இங்க நாப்பது பேரு. நாப்பதும் வந்தாச்சே?" என்று மறுபடி எண்ணினார். என்னோடு சேர்த்து நாற்பது. "இல்லையே, நீங்க வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை எண்ணினேனே சார். அப்பவும் நாப்பதுதான். ஆள் கொறைஞ்சா உள்ள தேட அனுப்பியிருப்போம்" என்றார். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நானும் எண்ணினேன், கடைசி ஆளிலிருந்து முன்னால் வரை. நாற்பது. நான் இல்லாமல் முப்பத்தொன்பதுதான் இருந்திருக்க வேண்டும். தலை எண்ணுகிறவன் ஒரு முறை தவறுவான். இரண்டு முறை ஒரே மாதிரி தவறி நான் பார்த்ததில்லை. அந்த இடத்தில் நாற்பதாவதாக ஒருவர் நின்றிருக்கிறார். அதனால்தான் என்னைத் தேடி யாரும் வரவில்லை.

தீ பெரிதில்லை. விரிப்புத் துணிகள் வைக்கிற சிறிய அறையில் ஏதோ கருகியிருக்கிறது, சீக்கிரமே அணைத்துவிட்டார்கள். அது எங்களிலிருந்து நான்காவது கதவு. அதைத் தாண்டும்போது கை சுட்டது என்றாள் அவள்.

அன்றைக்கே அவளிடம் நடந்ததைச் சொன்னேன். குளியலறையைக் காட்டினேன். அவள் திரையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "போங்க. கதவு கதவா எண்ணிக்கிட்டுத்தான முன்னாடி போனீங்க? ஒங்க தைலம் நாத்தம்கூட வந்துச்சு. சட்டையைக் கட்டிவிட்டது யாராம்?" அறைப் பணியாளரை விசாரித்தேன். நாங்கள் யாரும் உங்கள் அறைக்கு வரவில்லை, வந்திருந்தால் உங்களையும் அழைத்திருப்போமே என்றார். காவல் தேவதூதன், எங்கள் பேச்சில் காவல் சம்மனசு, என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். பங்குச் சாமியாரும் அதைத்தான் சொல்லுவார். சம்மனசுக்கு என் குரல் எதற்கு, என் தைலம் எதற்கு?

பேத்தி பிறந்தாள். நாங்கள் ஊர் திரும்பினோம். குமிழி கரைந்துவிட்டது, டாக்டர் விமானத்துக்குச் சம்மதித்துவிட்டார். ஆனால் கண் எதிர்பார்த்த அளவு தெளியவில்லை. இப்போது பேத்தியின் முதல் பிறந்தநாள் வருகிறது. விமானமா கப்பலா என்று மருமகன் கேட்டிருக்கிறார்.

"கப்பல்தான். எனக்குக் கப்பல்ல ஒரு பயமும் இல்லை" என்றாள் இவள்.

எனக்கு இருக்கிறது. தீ வந்தால் அவள் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. போன முறை அது அவளை வெளியே கொண்டுபோய்விட்டது. அடுத்த முறை அவள் "பிடிச்சுட்டேன்" என்று சொன்னால், இடது பக்கமா, அந்த மொட்டைச் சுவர்ப் பக்கமா? இதை யாரிடம் கேட்பது?

நேற்றுச் சாயங்காலம் அவளே ஏழு துண்டுகளைத் துவைத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கொடிக்கயிற்றில் போட்டாள். பழகிப் பார்க்கிறாளாம். நான் காலி வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாடிப்படி வாசலில் நின்றேன். அவளுக்கு நேர் பின்னால், ஒரு பஸ் நீளத் தூரத்தில். அவள் இடது கையால் துண்டுகளைத் தொட்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டு போனாள். வலது கை முன்னால் நீண்டிருந்தது. விரல்கள் எதையோ பற்றினதுபோல மூடியிருந்தன.

நான்காவது துண்டில் ஒரு நிமிஷம் தயங்கினாள்.

"கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன்" என்றாள், முன்பக்கம் பார்த்து.

நான் வாளியைக் கீழே வைக்கவில்லை. என் வழக்கப்படி மாடியில் இருக்கிற தலைகளை எண்ணத் தொடங்கி, அவளோடு நிறுத்திக்கொண்டேன். பிறகு கீழே இறங்கி வந்து மருமகனுக்குப் போன் போட்டு விமானத்தில் டிக்கெட் போடச் சொன்னேன். இரண்டு சீட், பக்கத்தில் பக்கத்தில், மூன்று சீட் வரிசையாக இல்லாமல் பார்த்துப் போடுங்கள் என்றேன்.