மாடி அறையின் உத்திரம்

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு ‘ஏ’ பிரிவுக்கு மட்டும்தான் மாடியில் கடைசி அறை. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கன்னியாஸ்திரீகள் கட்டிய கட்டடம் அது. மரப்படிகளில் ஏறி, நீண்ட வராந்தாவில் மற்ற வகுப்புகளின் ‘ஏ’ பிரிவு அறைகள் மூன்றைக் கடந்தால் எங்கள் வகுப்பு வரும். ஆளுயர ஜன்னல்களைத் திறந்தால், வீட்டுக் கூரைகளுக்கு மேலே கடல் ஒரு கோடாகத் தெரியும். எல்லா வகுப்புகளின் ‘பி’ பிரிவும் கீழே, கழிப்பறைகளுக்குப் பக்கத்தில், தகரக் கொட்டகையில் நடந்தது. நான் அந்தக் கொட்டகையிலிருந்து வந்தவள்.

அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. சாரம் என்ற பகுதியிலிருந்து தினமும் நடந்து பள்ளிக்கு வருவேன். ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சையில் இரண்டாம் ரேங்க் வாங்கியதும் என்னை ‘ஏ’ பிரிவுக்கு மாற்றினார்கள். கூடவே வகுப்புத் தலைவியாக்கி, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜும் கொடுத்தார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. ஜூன் மாதத்தில் அந்த மரப்படிகளில் முதல் தடவை ஏறியபோது, இனி என்னை யாரும் கீழே இறக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

மணியடிப்பதற்கு முன்பே வந்து, ஜன்னல்களைத் திறந்து, மேசையையும் பெஞ்சுகளையும் துடைத்து வைப்பது தலைவியின் வேலை. எங்கள் வகுப்பாசிரியையான சிஸ்டர் மேசையில் ஒரு விரலை வைத்து இழுப்பார். விரல் நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகுதான் உட்காருவார். அந்த விரலில் ஒரு நாளும் அழுக்குப் பட்டதில்லை.

ஆகஸ்டில் ஒரு காலை, நடு வரிசையில் மூன்றாவது பெஞ்சின் மேல் சிறு குவியலாக ஏதோ கிடந்தது. சலித்த மாவுபோல மெல்லிய, வெளிர் மஞ்சள் தூள். துடைத்துவிட்டேன். மறுநாள் அதே இடத்தில் அதே குவியல். அண்ணாந்து பார்த்தேன். சுவருக்குச் சுவர் போடப்பட்டிருந்த பெரிய உத்திரம். அதன் அடிப்பக்கம் முழுக்க ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்ன ஓட்டைகள். அன்றைய தூளையும் துடைத்தேன். செப்டம்பரில் மூன்று இடங்களில் விழுந்தது. அக்டோபரில் ஆசிரியர் மேசையிலும் விழுந்தது. ஒவ்வொரு நாளும் முன்னதைவிடச் சீக்கிரமாக வந்து துடைக்க வேண்டியிருந்தது. பரீட்சை நேரத்தில் வகுப்பே மௌனமாக இருக்கும்போது, மேலே யாரோ பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும். எலி என்று மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு நாள் துடைக்கும் துணியைத் துவைக்க வீட்டுக்கு எடுத்துவந்திருந்தேன். அப்பா அதிலிருந்த தூளை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார்.

“என்னாம்மா இது? உளுத்துப்போன மரத் தூளாச்சே. எங்கருந்து வந்துது?”

“கிளாஸ்ல உத்திரத்துலருந்து கொட்டுதுப்பா.”

“எத்தினி நாளா?”

“இப்பதான், ரெண்டு மூணு நாளா.”

“சிஸ்டர் கிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

இரண்டும் பொய். சொன்னால் அறையை மூடிவிடுவார்கள். நாங்கள் கொட்டகைக்குப் போக வேண்டியிருக்கும். இதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை. எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு காரணம் இல்லை.

எங்கள் வகுப்பில் ஐந்து பெண்கள் மட்டும் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு படித்தார்கள். முன்பு பள்ளியே பிரெஞ்சில்தான் நடந்ததாம். அதில் மிச்சம் இந்த ஐந்து பேர். அவர்களுக்குப் பாடம் எடுத்தவரை எல்லோரும் மதாம் என்போம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து இறந்துபோன ஒருவரின் மனைவி. கஞ்சி போட்ட சேலை, காலில் மூடிய ஷூ. எங்களுக்குத் தமிழ்ப் பாடம் வரும் நேரத்தில் ‘ஏ’, ‘பி’ இரண்டு பிரிவும் கீழே ஹாலுக்குப் போய்விடுவோம். மாடி அறையில் மதாமும் அந்த ஐந்து பேரும் இருப்பார்கள். தீபாவளி விடுமுறை முடிந்த பிறகு மதாம் அவர்களை நடு வரிசையிலிருந்து எழுப்பி, வராந்தாப் பக்கச் சுவரோரமாக உட்கார வைத்தார். ஏனென்று யாரும் கேட்கவில்லை.

நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். நான்காம் நாள் காலையில் நான் போனபோது தூள் மட்டுமல்ல, சுண்ணாம்புக் காரையும் உதிர்ந்து கிடந்தது. உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் கறுப்பாக ஈரம். ஆனாலும் பெருக்கி அள்ளி ஜன்னல் வழியாகக் கொட்டினேன். சிஸ்டர் வந்து விரலால் மேசையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

மூன்றாவது பீரியட் தமிழ். கீழே ஹாலில் தமிழம்மா யாப்பிலக்கணம் நடத்திக்கொண்டிருந்தார். லாரியிலிருந்து கருங்கல்லைக் கொட்டியதுபோல மேலே ஒரு சத்தம். காலுக்கடியில் தரை அதிர்ந்தது. மரப்படிகளின் வழியாக வெள்ளைப் புகை மெதுவாகக் கீழே இறங்கி வந்தது. அந்தப் புகைக்குள்ளிருந்து ஐந்து பெண்களும் கைகோத்தபடி இறங்கினார்கள். தலைமயிர், இமை, உதடு எல்லாம் சுண்ணாம்பு.

“மதாம் உள்ள இருக்காங்க” என்றாள் ஒருத்தி. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மதாமை ஒரு பெஞ்சில் படுக்கவைத்துத்தான் கீழே இறக்கினார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. ஷூ அப்படியே காலில் இருந்தது.

மறுநாள் காலை வழிபாட்டில் தலைமை மதர், “மழையால நடந்த விபத்து. ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகல. ஆண்டவருக்கு நன்றி சொல்லுவோம்” என்றார். பாடினோம். பிறகு கொட்டகையில் எங்களுக்கு வகுப்பு. சிஸ்டர் என்னை எழுப்பினார்.

“நீதான தினமும் மொதல்ல வருவே? ஏதாவது பாத்தியா?”

“ஒண்ணும் பாக்கல சிஸ்டர்.”

இரண்டு வாரம் தாங்கினேன். ஒரு சனிக்கிழமை மதாம் வீட்டுக்குப் போனேன். காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: ஆகஸ்ட், துணி, அப்பாவிடம் சொன்ன பொய், ஜன்னல் வழியாகக் கொட்டிய காரை. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“உக்காரு” என்றார். “அந்தப் பொண்ணுங்கள நான் ஏன் செவுத்தோரமா உக்கார வெச்சேன்னு நெனைக்கிறே?”

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“என் நோட்டு மேலயும் கொட்டிச்சு. அஞ்சு பேருக்கு ஒரு கிளாஸான்னு மதர் ஏற்கெனவே கேட்டுக்கிட்டு இருந்தாங்க. ரூம மூடினா வேற ரூம் குடுப்பாங்களா? இந்த வருஷம் முடியட்டும்னு இருந்தேன்.” மாவுக்கட்டைத் தடவினார். “அந்த நேரம் பாத்து ஒருத்தி எழுந்து தண்ணி குடிக்கப் போயிருந்தா? அந்த நெனப்புதான் என்னத் தூங்க விடல.”

நான் கிளம்பும்போது கையைப் பிடித்து நிறுத்தினார்.

“மத்த மூணு ரூமுல இன்னும் கிளாஸ் நடக்குதா?”

“நடக்குது மதாம்.”

“எல்லாம் ஒரே மரம்” என்றார்.

திங்கட்கிழமை தலைமை மதரின் அறைக்குப் போய் என் பங்கை மட்டும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

“மத்த ரூமுங்களுக்குப் பயமில்ல. ஆள் வந்து பாத்துட்டாங்க. பப்ளிக் பரீட்சை வருது, போய்ப் படி. வெளிய யார் கிட்டயும் இதப் பேசாதே.”

கொட்டகையிலிருந்து பார்த்தால் மாடி வராந்தா தெரியும். எங்கள் பழைய அறையின் கதவில் குறுக்கே இரண்டு பலகைகளை அடித்திருந்தார்கள். அதற்குப் பக்கத்து அறைகளில் கீழ் வகுப்புப் பிள்ளைகள் ஓடுவார்கள், பெஞ்சை இழுப்பார்கள், சத்தம் போட்டு வாய்ப்பாடு சொல்வார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் மேலே பார்த்தேன். கணக்கில் முதல் தடவையாக நாற்பதுக்குக் கீழே வாங்கினேன்.

அந்த வாரக் கடைசியில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைத் தட்டிலேயே வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“எங்கிட்டயே பொய் சொல்லிட்டியேம்மா” என்றார். அப்புறம், “திங்கக்கெழம லீவு போட்டுட்டு நானும் வரேன்.”

பையில் மில்லில் பயன்படுத்தும் நீண்ட திருப்புளி ஒன்றை வைத்துக்கொண்டு வந்தார். மணியடிக்கும் முன்பே மதரின் அறை வாசலில் நின்று, “அம்மா, ஒரே ஒரு நிமிஷம் மேல வாங்க” என்றார். மதர் மறுத்தார். அப்பா குரலை உயர்த்தவில்லை, நகரவும் இல்லை. பிள்ளைகள் கூடத் தொடங்கியதும் மதர் எழுந்து வந்தார்.

ஒன்பதாம் வகுப்பு அறையில் அப்பா ஒரு மேசையை இழுத்துப் போட்டு ஏறினார். உத்திரம் சுவரைச் சேரும் இடத்தில் திருப்புளியை வைத்து, ஒரு கையால் அழுத்தினார். ஓங்கிக் குத்தவில்லை, அழுத்தினார், அவ்வளவுதான். பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது அந்த ஓட்டையிலிருந்து தூள் நிற்காமல் கொட்டியது. அப்பாவின் தோளிலும், கீழே நின்ற மதரின் வெள்ளை முக்காட்டிலும் விழுந்தது.

மதர் முக்காட்டில் விழுந்த தூளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சிஸ்டரை அழைத்து, “பிள்ளைங்கள மேல விடாதீங்க” என்றார்.

அன்று முதல் மாடி வகுப்புகள் மரத்தடியிலும் மாதா கோயில் மண்டபத்திலும் நடந்தன. நான் பேட்ஜைக் கழற்றி சிஸ்டரிடம் கொடுத்தேன். வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை, வருடக் கடைசி வரை. என்னைப் பள்ளியைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அனுப்பவில்லை. கோடையில் மாடியை முழுதாக இடித்தார்கள்.

ஐந்து பெண்களும் சனிக்கிழமைகளில் மதாம் வீட்டுக்குப் போய்ப் படித்து, பரீட்சை எழுதித் தேறினார்கள். அடுத்த ஜூனில் பள்ளியில் பிரெஞ்சு இல்லை. மதாம் கைத்தடியோடு ஞாயிறு பூசைக்கு வருவதைப் பல வருடம் பார்த்தேன். என்னைக் கண்டால் நின்று, தலையை ஆட்டிவிட்டுப் போவார். நான் செய்ததை அவர் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. அவர் சொன்னதை நானும் யாரிடமும், அப்பாவிடம்கூட, சொன்னதில்லை.