மூன்றாவது அடி

இத்தாலியின் தெற்குக் கோடியில் உள்ள பலேர்மோவில் ஐஸ் ஹொக்கித் தளம் கிடையாது. அதனால் பதினான்கு வருடங்கள் அந்த விளையாட்டை ஆடித்தான் சீவித்தேன் என்று சொன்னபோது, கால்சாப் பகுதியில் எங்கள் தெருக் கோப்பிக்கடைக்காரர் நான் பகிடி விடுவதாகவே நினைத்தார்.

எனக்குப் பத்து வயதாக இருக்கையில், அம்மா வேலை செய்த வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, வடக்கே மலைப்பக்கம் இருந்த தன் மகளிடம் குடிபோனார். அம்மாவையும் கூட வரச் சொன்னார். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அப்பா துறைமுகத்தில் கப்பல் துப்புரவு வேலையை விட மனமில்லாமல் இங்கேயே தங்கினார். அந்த மலை ஊரில் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் போகிற இடம் ஐஸ் தளம். நானும் போனேன். பத்தொன்பது வயதில் ஒரு கழகம் என்னைச் சம்பளத்துக்கு எடுத்தது. அம்மா பலேர்மோவுக்கு, அப்பாவிடம் திரும்பினார்.

நான் தடுப்பாட்டக்காரன். கோல் அடித்துப் பெயர் வாங்குகிறவன் இல்லை. எதிராளி அடிக்கும் கறுப்பு றப்பர் வட்டுக்குக் குறுக்கே விழவேண்டும். கோல் வாசலில் நிற்பவனைத் தள்ளி அகற்றவேண்டும். மூலைக்குள் போன வட்டை, பின்னால் ஒருவன் முழு வேகத்தில் வருகிறான் என்று தெரிந்துகொண்டே போய் எடுக்கவேண்டும். எட்டுக் கழகங்கள், நான்கு நாடுகள். ஒப்பந்தம் எப்போதும் ஒரு வருடத்துக்குத்தான். சித்திரையில் பையைக் கட்டிக்கொண்டு பலேர்மோ வருவேன். ஆவணிக்குள் யாராவது கூப்பிடவேண்டும். கூப்பிட்டார்கள். என் திறமைக்காக அல்ல. அடி வாங்கினாலும் அடுத்த நாள் பயிற்சிக்கு வந்துவிடுவான் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது.

அப்பா ஒரே ஒரு தடவைதான் என் ஆட்டத்துக்கு வந்தார். முதல் இடைவேளையில் பார்த்தால் இருக்கை வெறுமையாக இருந்தது. ஆட்டம் முடிந்து வெளியே வந்தேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் நின்ற அப்பா, "உள்ளுக்கை சரியான குளிரடா தம்பி" என்றார். அதற்குப் பிறகு ஹொக்கியைப் பற்றி அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

போன மாசியில் போலந்தில் ஓர் ஆட்டம். மூலைக்குள் வட்டை எடுக்கக் குனிந்தேன். பின்னால் வந்தவன் என்னைக் கண்ணாடியோடு மோதினான். எழும்பினேன் என்று தெரியும். மிச்ச ஆட்டத்தையும் ஆடினேன் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அடுத்த நாள் கழக வைத்தியரிடம் கழுத்துப் பிடிப்பு என்றேன். தலையில் விழுந்த மூன்றாவது அடி அது. முதல் இரண்டுக்கும் வாரக்கணக்கில் இருட்டறையில் படுத்திருந்தேன். மூன்றாவதையும் சொன்னால் முப்பத்துமூன்று வயதுக்காரனை எவரும் எடுக்கமாட்டார்கள்.

சித்திரையில் வீட்டுக்கு வந்தபோது படிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பழகினேன். அம்மா நாள் முழுக்க வேலையில். அவருக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவும் அதைக் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

ஆடியில் என் முகவர் போன் எடுத்தார். வடக்கே ஒரு கழகம், ஒரு வருட ஒப்பந்தம். மருத்துவத் தகுதிச் சான்றிதழ் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். அந்தக் கோடையில் வந்த ஒரே அழைப்பு அதுதான்.

செவ்வாய்க்கிழமை பலேர்மோவில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். கார் ஓட்டப் பயமாக இருந்ததால் கால் சுளுக்கு என்று சொல்லி அப்பாவை ஓட்டச் சொன்னேன். அது கப்பல் வேலைக்குப் பிறகு அவர் பல வருடம் துப்புரவு வேலை செய்த இடம் என்று எனக்குத் தெரியாது. டொக்டர் அவரைக் கண்டதும் கையைப் பிடித்து, நீங்களும் உள்ளே வாருங்கள் என்று கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார்.

இருதயம் நன்றாக இருந்தது. நுரையீரல் நன்றாக இருந்தது. டொக்டர் பத்திரத்தைப் பார்த்து இத்தாலியனில் ஒவ்வொன்றாகக் கேட்டார். சத்திரசிகிச்சை? முழங்கால், ஒருதரம். வலிப்பு? இல்லை. தலையில் காயம், மயக்கம்?

"இல்லை" என்றேன்.

அவர் பேனா அந்தக் கட்டத்துக்குப் போனது.

"த்ரே, தொத்தோரே" என்றார் அப்பா. மூன்று.

பேனா நின்றது. நான் அப்பாவைப் பார்க்கவில்லை. என் காது மடல் சூடேறியது மட்டும் நினைவிருக்கிறது. டொக்டர் பேனாவை மூடினார். ஒரு விரலைக் கண்முன் பிடித்து இடமும் வலமும் அசைத்தார். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நான் மேசையைப் பிடித்தேன். நரம்பு வைத்தியரிடம் போகக் கடிதம் எழுதித் தந்தார், சான்றிதழ் தரவில்லை.

காரில் ஏறியதும் கத்தினேன்.

"உங்களை ஆரப்பா கேட்டது? மூண்டெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவர் சாவியைப் போடாமல் இருந்தார். "மாசியிலை கண்ணாடியோடை அடிபட்டதைப் பாத்தனான்."

"எங்கை பாத்தனீங்கள்?"

"போனிலை. உன்ரை எல்லா மச்சும் அதிலைதான் பாக்கிறனான்." சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு சொன்னார்: "நீ எழும்பி மற்ற ரீமின்ரை வாங்கிலை போய் இருக்கப் பாத்தாய். அவங்கள் உன்னைத் திருப்பி விட்டவங்கள்."

எதிரணிக்காரரின் இருக்கைக்குப் போனது எனக்கு நினைவில் இல்லை. இப்போதும் இல்லை. பயந்தேன். ஆனாலும் கோபம்தான் பெரிதாக இருந்தது. அதற்குப் பிறகு அவரோடு கதைக்கவில்லை.

முகவர் வேறு வழி சொன்னார். வடக்கே ஒரு வைத்தியர் இருக்கிறார், அதிகம் கேட்கமாட்டார், வெள்ளிக்கிழமை மாலைக்குள் வா என்றார். வியாழன் பின்னேரம் நேப்பிள்ஸ் கப்பலுக்குச் சீட்டு எடுத்தேன். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, ஹொக்கிப் பையையும் மட்டைகளையும் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தேன்.

கப்பலுக்குள் வாகனத் தட்டிலிருந்து மேலே போகும் இரும்புப் படி செங்குத்தானது. பாதி ஏறியபோது இயந்திரம் முடுக்கப்பட்டது. படி முழுவதும் அதிர்ந்தது. கைப்பிடி இரண்டாகத் தெரிந்தது. இல்லாத கைப்பிடியைப் பிடித்தேன். பை தோளிலிருந்து நழுவியது. கீழே ஒரு பெண், கைக்குழந்தையோடு. அவள் கத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். பை அவளை உரசிக்கொண்டு போய் அடித்தட்டில் விழுந்தது. மட்டைகள் சிதறின. நான் படியில் குந்திக் கம்பியைக் கட்டிப்பிடித்தேன்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அழக்கூட இல்லை. அழுதது அந்தப் பெண். நான் "ஸ்கூசி, ஸ்கூசி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் என்னைத் திட்டிய திட்டெல்லாம் நியாயம்.

ஒரு கப்பல் பணியாளர் பையைத் தூக்கிவந்து, மேலேயா கீழேயா என்று கேட்டார். கீழே என்றேன். கப்பல் புறப்படுவதற்குள் என்னை இறக்கிவிட்டார்கள். கரையில் பையின்மேல் இருந்தபடி முகவருக்கு போன் எடுத்து, மூன்று தடவை அடிபட்டிருக்கிறேன், இனி ஏலாது என்றேன்.  "இதை நீ முதலே சொல்லியிருக்கலாம்" என்றார் அவர். பிறகு நல்லாயிரு என்றார். பதினான்கு வருடத்துக்கு அதுதான் பிரியாவிடை. வெகுநேரம் கழித்து வீட்டுக்கு வந்தபோது அம்மாவும் அப்பாவும் படுத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா குசினியில் தேத்தண்ணி ஊத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டார். இன்னொரு கோப்பை எடுத்து வைத்தார்.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே அப்பா. ஏன் டொக்டருக்கு முன்னாலை?"

"உன்னட்டைச் சொன்னாக் கேட்டிருப்பியோ?"

யோசித்தேன். "இல்லை."

"அப்ப பிறகென்ன" என்றார். சீனி போட்டார். பாதி மேசையில் கொட்டியது. துணியால் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். அங்கே ஒன்றும் இல்லாமல் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். "மாசியிலை இருந்து நான் ஒழுங்கா நித்திரை கொள்ளேல்லை, தம்பி."

நரம்பு வைத்தியர், இனிமேல் அடிபடுகிற விளையாட்டு எதுவுமே கூடாது என்று எழுதிக் கொடுத்தார். ஐந்து மாதத்தில் படிகள் ஒன்றாகின. ஊர் ஊராக ஆடித் திரிந்ததில் வாயில் ஒட்டிய ஜெர்மனும் பிரெஞ்சும் இப்போது சோறு போடுகின்றன. உல்லாசக் கப்பல்களில் வந்து இறங்குகிறவர்களுக்குத் துறைமுகத்தில் வழி சொல்கிறேன். பஸ் எந்தப் பக்கம், தேவாலயம் எத்தனை மணிக்குப் பூட்டும், நல்ல கோப்பி எங்கே.

அப்பா மேல் இருந்த கோபம் அந்தக் காலையோடு போய்விட்டது என்று எழுதினால் அது பொய். புரட்டாதியில் எல்லாக் கழகங்களும் பயிற்சி தொடங்கிய கிழமை அது திரும்ப வந்தது. மூன்று நாள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நாலாம் நாள் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கூப்பிட்டார். போய்த் தள்ளினேன்.