பயந்தவர் சமைத்த பரங்கிக்காய்

பொரித்த அப்பளத்தை உடைக்கப் போன நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. தணிகாசலம் சாரின் மகள். "மாமா, அப்பா போய்ட்டாருங்க. காலையில காப்பி எடுத்துக்கினு போய் எழுப்பறேன், எழுந்துக்கல." உடனே நான் செய்த முதல் காரியம், அப்பளத்தைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளியது. துக்கம் அதற்கு அடுத்துதான் வந்தது. போய்விட்டார் என்று தெரிந்த பிறகும், அப்பளம் தின்பதைப் பார்த்துவிடுவாரோ என்று இருந்தது.

பக்கவாதம், பேருந்து விபத்து, பாம்பு, மின்னல், பள்ளி ஆய்வாளர் ஆகியவற்றில் ஏதோ ஒன்றால்தான் தமக்கு முடிவு என்று அவர் உறுதியாக இருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னேற்பாடு வைத்திருந்தார். முதுமையில் தூக்கத்தில் போவதற்கு மட்டும் அவரிடம் ஏற்பாடு எதுவும் இல்லை. மரணம் அந்த வழியாகவே வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டது.

வெள்ளிமலைப் பள்ளியில் அவரிடம் புவியியல் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் ஆப்பிரிக்காவின் கடற்கரையை வரைவார். கள்ளக்குறிச்சிப் பேருந்தில் ஏறினால், மலை இறங்கி முடியும் வரை அதே கண்களை மூடிக்கொள்வார். உலகத்தின் எல்லா வளைவுகளும் அவருக்குத் தெரியும். அதனால்தான் பயம் என்று நினைக்கிறேன்.

நான் அங்கே வரலாறு கற்பிக்கப் போய், அவருடைய குடியிருப்பில் ஒண்டிக்கொண்டேன். முதல் நாள் அவரைக்காய்ப் பொரியல் வைத்தார். வாயில் போட்டதும் கேட்டேன்.

"உப்பு மறந்துட்டீங்களா சார்?"

"மறக்கல சார். பயம்."

அவருடைய அப்பா நைனார்பாளையத்தில் வரப்பின் மேல் நடந்துகொண்டிருந்தபோதே சாய்ந்தவர். அண்ணன் வாரச் சந்தையில் வெங்காயம் பொறுக்கும்போது சாய்ந்தவர். இருவருக்கும் ரத்த அழுத்தம். தணிகாசலம் சாருக்கு எந்த மருத்துவரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லும்வரை காத்திருக்க அவருக்குப் பயம்.

முதல் சில வாரங்கள் நான் தனி உப்பு டப்பா வைத்துக்கொண்டேன். கண்ணாடிப் புட்டியில் அடைத்த பாம்பைப் பார்ப்பதுபோல அவர் அதைப் பார்ப்பார். பிறகு எப்போதென்று தெரியாமல் நான் அதைத் திறப்பது குறைந்துபோனது. காரணம், அந்த ஆள் காய்களிலிருந்தே ருசியைக் கறக்காமல் விட்டதில்லை.

"காயைத் தண்ணியில முக்கி வேக வெக்கிறாங்க. அந்தத் தண்ணிய வடிச்சிக் கொட்டறாங்க. அப்புறம் ருசி எங்கன்னு தட்டுல தேடறாங்க. கொட்டின எடத்துல இல்ல தேடணும்?" என்பார்.

அவர் முறை வேறு. இரும்புச் சட்டியை நன்றாகக் காய வைப்பார். எண்ணெயைக் காட்டினாற்போல் காட்டிவிட்டு, காயை வெட்டுவாய் கீழே இருக்கும்படி பரப்பி, அது லேசாகச் சிவக்கும்வரை கிளற மாட்டார். நசுக்கிய பூண்டைப் போட்டு மூடி, தன் ஆவியிலேயே வேக விடுவார். இறக்கியபின் எலுமிச்சை. அதற்கு மேல் ஒரு பொடி: எள், கொள்ளு, மிளகு, சீரகம், கறிவேப்பிலை, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து இடித்தது. "மொதல்ல காய்க்குச் சூட்டக் காட்டணும் சார். எடுத்த ஒடனே தண்ணியக் காட்டினா அழுதுடும்." வெளியூர் போகும்போது அந்தப் பொடி டப்பாவும் எலுமிச்சம்பழங்களும் அவருடைய மஞ்சள் பையில் இருக்கும். மாற்றுச் சட்டை இருக்காது.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டக்காரர்கள் ஊர் ஊராகச் சாலைகளை மறித்த நாட்கள் வந்தன. சாலையோரத்துப் புளியமரங்கள் சாலையின் குறுக்கே படுத்துக்கொண்டன. கோரிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால் என் ரத்தத்துக்கு அரசியல் தெரியாது. ஒருநாள் வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது மூக்கிலிருந்து சொட்டி, சாக்பீஸ் சிவந்தது. சுகாதார நிலையத்து மருத்துவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். மறுபடி அடித்துப் பார்த்தார். அவருடைய முகம் எனக்குப் பிடிக்கவில்லை.

"மாத்திரை வர்ற வண்டியே மலை ஏறல. இன்னைக்கே கள்ளக்குறிச்சி போயிடுங்க. வழியில உப்பு ஒரு கல்லுகூட வாயில படக் கூடாது."

தணிகாசலம் சாரும் கிளம்பினார். நட்பு என்று நினைத்து நெகிழ்ந்தேன். "நீங்க போயிட்டா நான் இங்க தனியா இருக்கணுமே சார்" என்றார்.

மலைப்பாதையில் விழுந்து கிடந்த முதல் மரத்தோடு ஜீப் நின்றுவிட்டது. "இதுக்கு மேல வண்டி போனா கொளுத்திடுவாங்க" என்று ஓட்டுநர் திருப்பிக்கொண்டு போனார். நடந்தோம். கீழே எங்கிருந்தோ கோடரிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் மூக்கைத் துண்டால் அழுத்தி இருமினால் அந்தச் சத்தம் நிற்பதுபோல இருக்கும். இருவரும் நிற்போம். மறுபடி கேட்கத் தொடங்கும். எங்கேயோ போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியதாக மலையில் இருந்தபோதே பேச்சு. அவர் அன்று கண்ணை மூடவில்லை. நடக்கும்போது மூட முடியாதே.

அடிவாரத்தில் மறித்தார்கள். தலைப்பாகையும் கையில் வெட்டுக்கத்தியுமாக இருந்தவரை ஏழுமலை என்று அழைத்தார்கள். அவர் பேச்சுக்குத்தான் அங்கே மதிப்பு.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"ஆஸ்பத்திரிக்குங்க."

"வர்றவன் எல்லாம் ஆஸ்பத்திரின்னுதான் சொல்றான். குந்துங்க. துன்னுட்டுப் பேசிக்கலாம்."

வெட்டாமல் விட்ட ஒரே மரத்தடியில் சமையல் நடந்தது. சோறு வெந்துவிட்டது. அண்டாவில் பரங்கிக்காய் கொதிக்க, கோவிந்தன் என்பவர் கை நிறைய உப்பை அள்ளி உயர்த்தினார்.

"போடாதீங்க!"

தணிகாசலம் சாருக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. உடனே குரல் சுருங்கி, "எங்களுக்கு மட்டும் தனியா… உப்பு இல்லாம…" என்றார்.

கோடரிகள் நின்றன. இம்முறை உண்மையாகவே நின்றன. அந்தக் காலத்தில், அந்த மரத்தடியில், "எனக்குத் தனியாக" என்று சோற்றைப் பற்றிச் சொன்னால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான். ஏழுமலை எழுந்து வந்தார்.

"இன்னா, எங்க கை உப்பு ஆவாதா? இன்னா ஆளுங்க நீங்க?"

நாங்கள் என்ன ஆட்கள் என்பதை அங்கே சொல்லவில்லை. ஆகவே இங்கேயும் சொல்லப் போவதில்லை. தணிகாசலம் சார் என் துண்டைக் காட்டினார்.

"பிரஷர் ஆளுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவரே தொடர்ந்தார். "ஒங்க சட்டி, ஒங்க கரண்டி, ஒங்க அடுப்பு. நான் ஆக்கறேன். ஒங்களோட குந்தியே துன்றோம். உப்பு மட்டும் வேணாங்க, இவரு செத்துருவாரு."

பையிலிருந்து டப்பாவை எடுத்ததும் நிலைமை இன்னும் மோசமானது. "டப்பாவுல இன்னா? இன்னா பொடி?" என்று சூழ்ந்துகொண்டார்கள். அவர் ஒரு கை பொடியை அள்ளித் தம் வாயில் போட்டுக்கொண்டார். மிளகு தொண்டையில் ஏறி, கண் பிதுங்க இருமினார்.

"வெஷந்தான்டா!"

"வெஷமா இருந்தா இந்நேரம் போயிருப்பான்டா. இவன் இருமியே சாவப் போறான்."

முதல் சிரிப்பு அப்போதுதான் வந்தது. வெட்டுக்கத்தி இன்னும் கீழே போகவில்லை.

தணிகாசலம் சார் மிச்சமிருந்த பரங்கிக்காயை வெட்டிச் சட்டியில் பரப்பினார். சிவக்க விட்டார். பூண்டு வாசனை கிளம்பியதும் பின்வரிசைக்காரர்கள் முன்வரிசைக்கு வந்தார்கள். எலுமிச்சையைப் பிழிந்து பொடி தூவும்போது அவருடைய கை கிடுகிடுவென்று நடுங்கியது. அதன் பயனாகப் பொடி எந்தத் துண்டையும் விடாமல் சீராக விழுந்தது. அத்தனை நேர்த்தியாகத் தூவி நான் எங்கும் பார்த்ததில்லை.

அவர் ஒரு துண்டு தின்று காட்டினார். ஏழுமலை ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றார். என் மூக்கு மறுபடி சொட்டத் தொடங்கியிருந்தது.

"இதுல உப்பு இல்ல?"

"இல்லீங்க."

ஏழுமலை இன்னொன்று எடுத்தார். கோவிந்தன் எடுத்தார். பிறகு யார் யார் எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. சட்டி எங்களிடம் வந்தபோது பூண்டுத் தோல் மட்டும் ஒட்டியிருந்தது.

ஏழுமலை என் துண்டைப் பார்த்தார். "கோவிந்தா, இவரச் சைக்கிள்ள ஏத்திக்கினு வரப்பு வழியா போ. எவன் மறிச்சாலும் நான் சொன்னேன்னு சொல்லு." பிறகு தணிகாசலம் சாரின் தோளில் கை வைத்தார். "இவரு இங்க இருக்கட்டும். இன்னும் பாதிப் பேரு துன்னல."

அது விருந்தா, பிணையா என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. "நான் போகல சார்" என்றேன். தனியாக இருப்பதற்குப் பயந்து மலை இறங்கி வந்தவர், கத்திகளுக்கு நடுவே கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போங்க சார். நான் இங்கயே பயந்துகினு இருக்கேன்."

கள்ளக்குறிச்சியில் மாத்திரை கிடைத்தது. ரத்தம் நின்றது. அன்று முழுவதும் என் காதில் கோடரிச் சத்தம்தான். மறுநாள் காலை கோவிந்தனோடு திரும்பி வந்தபோது மரத்தடியில் ஒருவரும் இல்லை. அண்டா கவிழ்ந்து கிடந்தது. சோற்றின் மேல் பூட்ஸ் தடம். சாலை நடுவில் பொடி டப்பா நசுங்கிக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டேன். கோவிந்தன் கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

கரும்பு அசைந்தது. முதலில் ஏழுமலை வெளியே வந்தார். அவர் பின்னாலேயே, முகமெல்லாம் கரும்புத் தோகை கீறி, கையில் கரண்டியோடு எங்கள் புவியியல் ஆசிரியர். போலீஸ் வண்டி வந்ததும் ஏழுமலை அவரைத் தரதரவென்று உள்ளே இழுத்துப் போயிருக்கிறார்.

"கரும்புல பாம்பு இருக்கும்னு எவ்ளவோ சொன்னேன் சார். எவனும் கேக்கல" என்றார். பிறகு, "மாத்திர போட்டீங்களா?" என்றார்.

நைனார்பாளையத்துக்குப் போய் அவருக்கு வாய்க்கரிசி போட்டுவிட்டு வந்தேன். அதில் உப்பு இல்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். எனக்காகப் பயப்பட இனி அவர் இல்லை. அவர் எனக்கென்று விட்டுப்போனது அந்தப் பயம்தான். அதை நானே பட்டுக்கொள்ள வேண்டியதுதான். நேற்று பரங்கிக்காய் வாங்கினேன். இரும்புச் சட்டி, பூண்டு, எலுமிச்சை, நசுங்கிய அதே டப்பா. வயதாகிவிட்டதால் இப்போது என் கையும் நடுங்குகிறது. பொடி சீராக விழுகிறது.