சி-க்கு முன் பதினோரு புத்தகங்கள்

என் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு தப்புகூடச் செய்ததில்லை என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்வார். தப்பு செய்த கூட்டாளி ஒருவர் நான்காம் மாடியிலிருந்து விழுந்ததை நேரில் பார்த்தவர் என்பதால், அந்தப் பெருமையை மட்டும் நான் கிண்டல் செய்வதில்லை. மற்ற எதையும் விட்டுவைத்ததில்லை.

புது லிஃப்ட்டுகளைச் சின்னதொரு கணினிதான் ஓட்டுகிறதாம். அதற்கு சி மொழியில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டு தேர்வில் தேற வேண்டும், தேறாதவர்கள் கிடங்கில் பெட்டி அடுக்கலாம் என்று கம்பெனி ஆறு மாதம் அவகாசம் கொடுத்தது. இவர் ஒரு புத்தகம் வாங்கினார். இன்னின்ன தெரிந்திருந்தால் நல்லது என்று அதன் முன்னுரையில் ஒரு பட்டியல். மனிதர் அங்கேயே டேரா போட்டுவிட்டார்.

லிஃப்ட்டில் கை வைக்கும் முன் அடியில் இருக்கும் குழியில் இறங்கிப் பார்ப்பது அவர் வழக்கம். சி-க்கும் அப்படியே இறங்கினார். இரும எண்கள், அதற்கு முன் தருக்கம், அதற்கு முன் அல்ஜீப்ரா, எல்லாவற்றுக்கும் அடியில் மின்சாரம். மின்சாரம் உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரிந்ததை உறுதி செய்துகொள்கிறாராம். பதினோரு புத்தகங்கள் சேர்ந்து, சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லாமல் போனது. தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போதும் சி புத்தகம் முன்னுரையைத் தாண்டவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மத்தியானம் தையல் மெஷினை விட்டு எழுந்து, மகளின் லேப்டாப்பில் முதல் பாடத்தைப் பார்த்து ஐந்து வரி அடித்தேன். ஓடவில்லை. நான்காம் வரியில் அரைப்புள்ளி விட்டுப்போயிருப்பதாக அதுவே சொன்னது. போட்டேன், ஓடியது.

அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தேன். அவர் அடித்து முடித்ததும் பிழைகள் வரிசையாகத் திரையில் வந்தன. லிஃப்ட்டில் கோளாறு என்றால் முதலில் செய்வதுபோல், மனிதர் எழுந்து ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். மின்விசிறி நின்றது. லேப்டாப் பேட்டரியில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, பிழைகளும் அப்படியே இருந்தன.

விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சுவிட்சை விடாமல் அழுத்திப் பிடித்திருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இங்க தப்பு பண்ணா யாரும் விழ மாட்டாங்க," என்றேன்.

அவர் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

தேர்வு முடிந்து வந்தவர், ஷூவைக் கழற்றிக்கொண்டே, தேறிவிட்டதைப் போகிற போக்கில் சொன்னார். சொல்ல வேண்டியது வேறு இருந்தது.

"பதினேழு தப்பு பண்ணேன்," என்றார், இத்தனை வருடத்தில் நான் பார்த்திராத பெருமையோடு. "பதினேழையும் நானே திருத்தினேன்."