ஒட்டிக்கொள்ளும் பேச்சு

உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் எங்கள் பஸ் கரியில் ஓடியது. வண்டியின் முதுகில் ஆளுயர இரும்புப் பீப்பாய் ஒன்றை மாட்டி, அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, பக்கத்தில் இருக்கும் காற்றூதும் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கரி கனன்று, அந்த வாயு இன்ஜினுக்குப் போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிடும். அந்த பஸ்ஸில் நான் கண்டக்டர். திக்குவாய்க் கண்டக்டர். வாய் பேசாதவன் பிரயாணிகளோடு சண்டைக்குப் போகமாட்டான் என்று நினைத்து முதலாளி எனக்கு வேலை கொடுத்தார். அவர் நினைத்தது தப்பவில்லை. சண்டைபோட எனக்கு ஆசை நிறையவே இருந்தது. முதல் வார்த்தை வருவதற்குள் எதிராளி இறங்கிப் போய்விடுவான்.

சின்ன வயதில் எனக்கு வைத்தியம் சொல்லாதவர்கள் இல்லை. வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவினார்கள். கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொண்டு பேசச் சொன்னார்கள். ஒன்றை விழுங்கியதுதான் மிச்சம். வளர்ந்த பிறகு நானே சில தந்திரங்களைப் பழகிக்கொண்டேன். தொண்டையில் நிற்கிற சொல்லை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடிப்பேன். புதுக்கோட்டை வராது, டவுன் வரும். வல்லத்திராக்கோட்டைக்கு அப்படி மாற்றுச் சொல் கிடையாது. அந்த ஊர் வந்தால் விசிலை ஊதிவிட்டுக் கையைக் காட்டுவேன். விசில் திக்காது.

ஒரு மார்கழி விடியலில் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பனியும் கரிப்புகையும் கலந்து, எதிரே கண்மாய்க்கரை இருப்பதே தெரியவில்லை. அரைத் தூக்கம். கை தன்பாட்டுக்குச் சுற்ற, வாய் தன்பாட்டுக்கு ஊர்ப் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஒரு சுற்றுக்கு ஓர் ஊர். எந்த ஊரும் தொண்டையில் நிற்கவில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. வல்லத்திராக்கோட்டை தண்ணீர் மாதிரி வந்தது. பேசுவது யார் என்று திரும்பிக்கூடப் பார்த்தேன். புகையைத் தவிர அங்கே யாரும் இல்லை.

ஓடுகிற பஸ்ஸில் சுற்றுவதற்குச் சக்கரம் ஏது? தோள்பை வாரில் விரலால் தட்டி, அந்தத் தட்டின் மேல் சொல்லை ஏற்றிவிடப் பழகினேன். பாட்டு மாதிரி இழுத்துக்கொண்டுதான் வரும். கண்டக்டர் பஜனை பாடுகிறார் என்று கேலி செய்தார்கள். போகட்டும், ஊர்ப் பெயர் வந்ததே. சில நாள் தட்டினாலும் வராது. அந்த நாளில் மறுபடி விசில்தான்.

அடுத்த வருஷம் மகள் பிறந்தாள். என்னைப் பெற்ற ஆத்தா தொட்டிலுக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்துச் சொன்னாள்:

"இவ வாயி நல்லாத் திருந்துற வரைக்கும் இவ முன்னாடி நீ பேசாதப்பா. திக்குப் பேச்சு, கேக்குற பிள்ளைக்கு ஒட்டிக்கும்."

திக்குகிறவனைப் போலப் பேசிக் காட்டினாலே ஒட்டிக்கொள்ளும் என்று பிள்ளைகளை அதட்டுகிற ஊர் எங்களுடையது. ஆத்தாவை நான் மறுத்துப் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன் ஐயா' சொல்ல முடியாமல் நின்றவன் நான். வகுப்பே சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு 'உ' வரும். அது என் பெண்ணுக்கு வரக் கூடாது. தட்டிப் பேசுகிற பேச்சும் திக்குப் பேச்சுதானே என்று பயந்து, அவள் இருக்கிற இடத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

இன்று நினைத்தால் அந்தக் காலம் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் நடந்தது போல இருக்கிறது. சாயங்காலங்களில் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு கண்மாய்க்கரையில் நடப்பேன். வெயில் தாழ்ந்து தண்ணீரெல்லாம் செம்மண் நிறமாகும். கொக்குகள் திரும்பி வரும். அவள் விரலை நீட்டுவாள், நானும் நீட்டுவேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவள் அம்மாவிடம் பேசக் கற்றுக்கொண்டு, ஒரு தடங்கல் இல்லாமல் நாள் முழுக்க வாயாடினாள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. ஆனால் என்னைப் பார்த்ததும் அவள் பேச்சை நிறுத்திவிட்டுக் கையால் ஜாடை காட்டுவாள். அப்பாவுக்குப் பேச வராது, காதும் கேட்காது என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். இனிமேல் பேசினால் என்ன என்று மனைவி கேட்டாள். பிள்ளை பேச்சு இன்னும் கொஞ்சம் கெட்டிப்படட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

காது குத்துவதற்காக அவளை அரிமளத்தில் இருக்கும் தாய்மாமன் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. போனது என் பஸ்ஸில்தான். வழி முழுக்க விசிலிலேயே ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். வல்லத்திராக்கோட்டையில் இறங்க வேண்டிய பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தி ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். விசில் அவளை எழுப்பவில்லை. தொட்டு எழுப்பவும் கூடாது. வேறு வழியில்லாமல் வாரைத் தட்டி, ஊர்ப் பெயரை இழுத்துச் சொன்னேன். அவள் விழித்து, மூட்டையை எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள்.

திரும்பிப் பார்த்தேன். மகள் அம்மாவின் மடியில் எழுந்து நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லார்ட்டயும் பேசுற. எங்கிட்ட மட்டும் ஏம்ப்பா பேசல?"

மனைவி வெளியே பார்த்தாள். பக்கத்து சீட்டுகளில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. அவளை வாங்கி இரண்டு கையாலும் இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. உதடு துடித்தது, முகம் கோணியது. அவள் சிரிக்கவில்லை, பயப்படவும் இல்லை. தலையைச் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெயர் எப்போது முழுசாக வெளியே வந்தது என்று எனக்கே தெரியாது.

"ம், சொல்லுப்பா" என்றாள்.

அரிமளம் வரும்வரை திக்கித் திக்கிச் சொல்லிக்கொண்டே வந்தேன். அன்று பஸ்ஸில் யார் எங்கே இறங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது.