மாரியம்மன் சுவரில் முந்நூறு வயிறு

வீரபாண்டியில் ஒரு வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் வேலாத்தாளுக்கு முதலிபாளையத்தில் குமட்டும். சரி, முதலிபாளையம் என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான்; மூன்று வீதி தாண்டிக் குமட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டை பட்ட கரண்டியைப் புளி போட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்த்து, பிறகும் மனசு ஆறாமல் சாக்கடையில் வீசிவிடுவாள். புருஷன் மாரப்பனுக்குக் கறி தின்ன ஆசை வந்தால் கடைவீதியிலேயே தின்றுவிட்டு, வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டுதான் வாசல் மிதிக்க வேண்டும்.

இப்படிப்பட்டவள் பார்த்த வேலை, சாயப்பட்டறையில் கழிவுத் தண்ணீர்த் தொட்டிக்குச் சுண்ணாம்பு கரைத்து ஊற்றுவது. நேற்றுச் சிவப்பு, இன்று நீலம் என்று நுரைத்து நாறுகிற அந்தத் தொட்டி மேட்டில் உட்கார்ந்து தயிர்ச்சோறு தின்பாள். கேட்டால், "இதுல ஒரு உசுரும் இல்லீங்க. உசுரோட இருந்து செத்ததுதான் எனக்கு ஆகாது" என்பாள்.

2006 பங்குனி. முந்தின வருஷம் மகள் பிரியங்காவுக்கு அம்மை போட்டு, கண்ணுக்குள்ளேயே முத்து இறங்கியிருந்தது. பார்வை பிழைத்தால் மாரியம்மன் கோயிலுக்குத் தன் கையால் வெள்ளையடித்து மாவிளக்கு எடுக்கிறேன் என்று வேலாத்தாள் வேண்டிக்கொண்டாள். பிழைத்தது. திருவிழாவைத் தொடங்கிவைக்கும் பூச்சாட்டு முடிந்தால் பதினைந்து நாள் ஊரே கவுச்சி தொடாது. கவுச்சி பட்ட கை மாவிளக்குத் தொடக்கூடாது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் கேட்டு வாங்கிய ஒரு மூட்டைச் சுண்ணாம்பை வீட்டில் தண்ணீர் விட்டு நீற்றிக் கோயில் சுவர் முழுக்க அடித்து முடித்தாள். பளிச்சென்றிருந்தது.

மறுநாள் பட்டறையில், நீற்றின தொட்டியடியில் தங்கிய வேகாத கற்களை அள்ளிக் கொட்டினாள். சூளையில் சரியாக வேகாத கல் கரையாது, எப்போதும் கொட்டுகிறதுதான். அன்றைக்கு ஒரு கல் காலில் இடறியது. கழுவிப் பார்த்தாள். சுருட்டிக்கொண்டு ஒரு நத்தை. இன்னொரு கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாக ஓட்டை, தேன்கூடு மாதிரி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து அதே தொட்டியில் வேலை பார்த்த சுடலையைக் கூப்பிட்டாள்.

"இது முருகைக்கல்லுல்லாக்கா" என்றான் அவன், சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி. "கடலுக்குள்ள பூச்சிங்க கட்டுன கூடு."

"பூச்சியா?"

"ஓட்டைக்கு ஒண்ணு குடியிருந்துருக்கும். வாயும் வயிறும் மட்டுந்தான், வேற ஒண்ணுங் கெடயாது."

கல் வந்தது அரியலூர்ப் பக்கத்திலிருந்து. பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் அங்கே கடல் கிடந்தது. சிப்பி, நத்தை, முருகை எல்லாம் அடியில் செத்துச் செத்து இறுகித்தான் கல்லானது. இதெல்லாம் வேலாத்தாளுக்கு எதற்கு? அவள் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கைப்பிடிக் கல்லில் முந்நூறு வயிறு. ஒரு மூட்டைக்கு எத்தனை? அத்தனையையும் அம்மன் சுவரில் குழைத்துப் பூசியாயிற்று. தின்ற தயிர்ச்சோறு வெளியே வந்தது.

மாவிளக்குக்கு இன்னும் இரண்டு நாள். மத்தியானத்துக்கு மேல் பட்டறைக்கு மட்டம் போட்டுவிட்டு, புதுசாக வாங்கிய தோசைக் கரண்டியோடும் ஒரு வாளியோடும் கோயிலுக்குப் போய்ச் சுரண்ட ஆரம்பித்தாள். முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். வெள்ளைத் தூள் உதட்டில் பட்டபோதெல்லாம், வழவழவென்று ஏதோ ஊர்கிற மாதிரி உடம்பு கூசியது. பாவம் பார்த்துச் சுடலையும் ஒரு கொத்துக் கரண்டியோடு வந்து நின்றான்.

நேற்று அடித்த பூச்சு உதிர்ந்தது. சுரண்டின வேகத்தில் அதற்கடியிலிருந்த பழைய காரையும் பெயர்ந்தது. உள்ளே பார்த்தால் பல்லுப் பல்லாகக் கிளிஞ்சல் துண்டு. இன்னும் ஒரு விரல் ஆழம் போனாள். அங்கேயும் கிளிஞ்சல்.

"ஏனம்மிணி, கோயிலை இடிக்கற வேண்டுதலா?" பின்னால் கோயில் பூசை பார்க்கிற பண்டாரம் ஆத்தப்பன்.

அழுகையும் ஓங்கரிப்புமாக எல்லாவற்றையும் சொன்னாள். "என்ற கை தீட்டாயிருச்சுங்க. நான் மாவிளக்கு எடுக்கலாமுங்களா, கூடாதுங்களா?"

ஆத்தப்பன் ஒரு துண்டை எடுத்து ஊதிப் பார்த்தார். "எங்கப்பன் காலத்துல இந்தச் சுவத்துக் காரைக்கு வண்டி வண்டியாக் கிளிஞ்சல் வரும். நானே உக்காந்து இடிச்சிருக்கறேன். இன்னுஞ் சொரண்டுனா அம்மனுக்குச் சுவரே இருக்காது, பாத்துக்க. அத்தனை நாளா அதுக்குள்ள குடியிருக்கற அவளுக்கே குமட்டலை."

"அவளுக்கெப்படிங்க குமட்டும்? நோம்பி முடிஞ்சா கெடா வாங்கறவளாச்சே."

"அப்ப உன்ற நத்தை எம்மாத்தரம்? நெருப்புல வெந்தது எல்லாஞ் சுத்தந்தான். போயி மிச்சச் சுண்ணாம்பைக் கொண்டாந்து, பேத்த எடத்துல பூசு. மாவிளக்கு நீதான் எடுக்கோணும்."

அதே சுண்ணாம்பு. மூச்சை அடக்கிக்கொண்டு பூசினாள். புதன்கிழமை மாவிளக்கும் எடுத்தாள். கூட வந்த பிரியங்கா சுவரைத் தொட்டுப் பார்க்கப் போனபோது அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

வாரம் கழிந்து தொட்டி மேட்டில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி, புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு இதைச் சொன்னாள். "ஒண்டியாளாச் சொரண்டுனேன், கண்ணு. ஒருக்காக்கூட வாந்தி எடுக்கலை."

சுடலை சுண்ணாம்பு கலக்குகிற மட்டையைத் தொட்டியில் அலசிக்கொண்டே சொன்னான்: "நாலு தடவைக்கா. நான் பாதிச் சுவரு சொரண்டுனேன், மீதி நேரம் உங்க வாளியக் கழுவுனேன்."