பேக்கிங் போட்ட மேடு

ஆறாம் வகுப்பில் நான் கட்டிய ரயில் மேட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பள்ளிக் கண்காட்சிக்காக, ராயக்கோட்டைப் பக்கம் ரயில் மேடேறுவதைப் போலத் தெர்மாகோலில் ஒரு சரிவு. அதன்மேல் தண்டவாளம், பேட்டரி ரயில். எல்லாம் பிரமாதம், வண்டிதான் ஏறவில்லை. பாதி மேட்டில் நின்று சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது, சனியன்! மேடு சட்டென்று எழும்புவதுதான் கோளாறு என்றார் அப்பா.

அப்பாவுக்கு ஓசூரில் ஒரு மெஷின் கம்பெனியில் முதல் ஷிப்ட். அம்மாவுக்கு வேறொரு கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட். இவர் வந்து இறங்குவதற்குள் அவள் பஸ் ஏறிவிடுவாள். ஆறு மாதமாக இருவரின் பேச்சுவார்த்தையும் பிரிட்ஜ் கதவில் ஒட்டும் சீட்டில்தான். கண்காட்சிக்கு முந்தைய நாள் விடியலில் அப்பா எழுதி ஒட்டியது இது: 'மேட்டுக்கு பேக்கிங் போட்டு வெச்சிடு. பாப்பா நாளைக்கு எடுத்துட்டுப் போகணும்.'

அப்பாவின் கம்பெனியில் பேக்கிங் என்றால், உயரத்தைச் சரிசெய்ய அடியில் செருகும் தகடோ அட்டையோ. அம்மா வேலை பார்த்ததோ பேக்கிங் செக்‌ஷனில். அப்புறம் கேட்க வேண்டுமா?

பள்ளி அரைநாளில் முடிந்து வந்து பார்த்தால் மேட்டைக் காணோம். மூன்று அட்டைப்பெட்டிகள் இருந்தன. ஒரே பெட்டியில் அடங்கவில்லை என்று மேட்டை மூன்றாக அறுத்து, டேப் சுற்றி, 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி வேறு போட்டிருந்தாள் மகராசி!

நான் போட்ட கூச்சலில் கம்பெனி பஸ் அவளை விட்டுவிட்டுப் போயே போய்விட்டது. போன் செய்து லீவு சொன்னாள். மூன்று மணிக்கு வந்த அப்பா பெட்டிகளைப் பார்த்தார்.

"ஏம்மா, நான் சொன்ன பேக்கிங் இதுவா?"

"பின்ன? எங்க கம்பெனில இதுதாங்க பேக்கிங்!"

அவ்வளவுதான். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நாளைக்கு வகுப்பே என்னைப் பார்த்துச் சிரிக்கப்போகிறது, இவர்களுக்கு விளையாட்டா?

தரையில் உட்கார்ந்து துண்டுகளை ஒட்டினார்கள். அப்பா பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கத்தரித்துக் கொடுக்க, அம்மா ஒவ்வொன்றாக அடியில் செருகினாள். நடுநடுவே டீ. நடுநடுவே அவள் சூப்பர்வைசர் கதை, இவர் கேன்டீன் சாம்பார் கதை. "சீக்கிரம் ஆகட்டும்பா!" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

விளக்கு வைக்கும் நேரத்தில் வண்டி நிற்காமல் மேடேறியது. நான் குதித்தேன். அப்பா அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து இரண்டு அட்டைகளை உருவினார். வண்டி மறுபடியும் பாதியில் நின்றது.

"இன்னும் கொஞ்சம் சரியில்ல பாப்பா."

"ஆமாங்க, எனக்கும் அப்படித்தான் தெரியுது," என்று அம்மா இன்னொரு டீ போட எழுந்தாள்.

மறுநாள் கண்காட்சியில் வண்டி ஒழுங்காகத்தான் ஏறியது. ஆனாலும் என் ஆத்திரம் தீரவில்லை. ஏறின வண்டியை எந்த மனுஷனாவது இறக்குவாரா என்று அந்த வாரம் முழுக்க எல்லோரிடமும் புலம்பினேன். அந்த வாரமும் அப்பா வீட்டுக்குள் நுழையும்போது அம்மா பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை.